மூன்றாவது கை

எங்கள் வீட்டு டிராக்டர் என்னைவிட மூத்தது. உழவு மாடுகளை விற்றுவிட்டு என் தகப்பனார் வாங்கியது. சென்னையில் செய்த மாஸி பெர்குஸன். சிவப்பு வர்ணம் இருந்த இடத்தில் இப்போது செம்மண் நிறம்தான் இருக்கிறது. அவர் காலமான பிறகு நாலு மழைக்காலம் கொட்டகைக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றது. கூடவே ஒன்பது கொத்துக் கலப்பை ஒன்று, சட்டிக் கலப்பை ஒன்று, சேற்று உழவுக்குப் போடும் இரும்புச் சக்கரங்கள் இரண்டு. பழைய இரும்பு விலைக்குக் கேட்டு ஆள் வந்தார்கள். கதை எழுதுகிறவனுக்கு டிராக்டர் எதற்கு என்று உறவினர்களும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் கொடுக்க மனம் வரவில்லை.

புது பாட்டரி போட்டு, டீசல் வடிகட்டியை மாற்றி, ஒரு தை மாதக் காலையில் எஞ்சினை ஓடவைத்துவிட்டேன். அந்தக் கர்வம் இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் கைகள் அசையவே இல்லை. உழத்தான் முடியாது, வேறு எதையாவது இழுக்கலாமே என்று நினைத்தேன். வயல் ஓரத்தில் பட்டுப்போன புளியமரத்தின் வேர்க்கட்டை ஒன்று இருந்தது. அதில் சங்கிலியைச் சுற்றி, மறுமுனையை ஆசனத்துக்குப் பின்னால், கலப்பையின் மேல்தண்டு வந்து மாட்டுகிற இடத்தில் கட்டினேன். பார்வைக்கு அந்த இடம்தான் உறுதியாகத் தெரிந்தது. முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டேன். சங்கிலி விறைத்தது. வேர் அசையவில்லை. முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு என் கண்ணெதிரே எழுந்து வந்தன. கால் எப்படியோ கிளட்சை மிதித்துவிட்டது. வண்டி தொப்பென்று இறங்கியது. அரை மணி நேரம் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஹைட்ராலிக்கைப் பார்க்க வந்த மேஸ்திரிதான் கண்டுபிடித்தார். என் தகப்பனார் காலத்திலிருந்து வருகிறவர். சங்கிலி கிடந்த இடத்தையும் என் முகத்தையும் பார்த்தார்.

"தம்பி, அது இழுக்கிற கை இல்லே. தள்ளுற கை. அதுலே சங்கிலி கட்டினா வண்டி மல்லாந்துடும். அப்பா சொல்லலையா?"

அப்பா சொல்லியிருக்க மாட்டார். நான் கேட்டிருக்கவும் மாட்டேன். ஆனால் மேஸ்திரி சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத் துரத்திக்கொண்டு போனதில், அயர்லாந்து தேசம் வரை போக வேண்டியதாயிற்று.

ஹாரி பெர்குஸன் 1884-ல் அயர்லாந்தின் வடபகுதியில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தவர். பண்ணை வேலை பிடிக்காமல் மோட்டார் பட்டறைக்கு ஓடினார். 1909-ம் வருஷம் கடைசி நாளில், தானே செய்த விமானத்தில் ஏறிப் பறந்தார்; அயர்லாந்தில் முதலில் பறந்தவர் அவர்தான். மண்ணை விட்டு ஓடிய மனிதரை முதல் உலக யுத்தம் மறுபடி மண்ணுக்கே கொண்டுவந்து சேர்த்தது. உணவுப் பஞ்சம் வரும் என்று பயந்த சர்க்கார், 1917-ல் டிராக்டர்களைக் கவனிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. வில்லியம் ஸாண்ட்ஸ் என்ற கூட்டாளியுடன் ஊர் ஊராகச் சுற்றினார். பார்த்தது எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் காலத்து டிராக்டர் மாட்டின் இடத்தில் நின்றது, அவ்வளவுதான். கலப்பையைப் பின்னால் சங்கிலியில் கட்டி இழுத்தார்கள். மாட்டுக்கு ஒரு புத்தி உண்டு, கலப்பை பாறையில் சிக்கினால் நின்றுவிடும். எஞ்சினுக்கு அந்தப் புத்தி கிடையாது. சக்கரம் சுழல முடியாவிட்டால், அந்தச் சக்கரத்தின் அச்சைச் சுற்றி வண்டியே சுழலப் பார்க்கும். முன்பாகம் தூக்கிக்கொண்டு ஓட்டுகிறவன் மேல் கவிழும். ஹென்றி போர்டு 1917-ல் செய்ய ஆரம்பித்த 'போர்ட்ஸன்' டிராக்டர் மலிவானது. இந்தக் குணத்துக்கும் பேர்போனது. செத்தவர்கள் பலர். எனக்கு நேர இருந்ததும் அதுவேதான்.

வண்டியைக் கனமாக்கு என்றார்கள் மற்றவர்கள். கனத்தால் மண் இறுகும், எண்ணெய் செலவாகும் என்றார் பெர்குஸன். வண்டியும் கலப்பையும் வேறு வேறாக இருக்கும்வரை இந்த அபாயம் தீராது, இரண்டையும் ஒரே உடம்பாக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பதினைந்து வருஷத்துக்கு மேல் இதே வேலை. கடைசியில் வந்த உருவம் மிக எளியது: கீழே இரண்டு கைகள், மேலே ஒன்று. கீழ்க்கைகள் கலப்பையை இழுக்கின்றன. மண் கலப்பையின் அடியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும்போது அதன் தலை முன்பக்கம் சாயப் பார்க்கிறது. அந்தச் சாய்வை மேல்கை வாங்கி, வண்டியின் முதுகில் தள்ளுகிறது. முன்சக்கரங்கள் எழுவதற்குப் பதில் தரையில் அழுந்துகின்றன. கவிழ்க்க வந்த விசையே காவல் காக்கிறது.

அதோடு விடவில்லை. மேல்கை வண்டியில் சேருகிற இடத்தில் ஒரு கனத்த சுருள்வில். மண் கெட்டியானால் வில் அழுந்தும். அது ஹைட்ராலிக் வால்வை அசைக்கும். கலப்பை கொஞ்சம் மேலே வரும். மண் இளகினால் தானே இறங்கும். மேழியைப் பிடித்தவன் உள்ளங்கையில் உணர்ந்து செய்ததை வில் செய்கிறது. கலப்பையின் பாரமும் பின்சக்கரங்களின் மேல் வந்துவிடுவதால் சின்ன வண்டியே போதும்.

1938 அக்டோபரில் இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் ஹென்றி போர்டின் சொந்தப் பண்ணையில் உழுது காட்டினார் பெர்குஸன். வயலில் மேஜை போட்டு, சாவி கொடுத்து ஓடும் சிறு பொம்மை ஒன்றை வைத்து விளக்கினார். போர்டுக்கு அப்போது எழுபத்தைந்து வயது. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். போர்டு செய்வது, பெர்குஸன் விற்பது. காரணம் சொல்லாமல் யார் வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். ஒரு காகிதம் இல்லை, ஒரு கையெழுத்து இல்லை. நாவலில் எழுதினால் பத்திராதிபர் திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்தக் கைகுலுக்கலில் 1939 முதல் 1947 வரை மூன்று லட்சத்துக்கு மேல் டிராக்டர்கள் பிறந்தன. பிறகு பேரன் இரண்டாம் ஹென்றி போர்டு பொறுப்புக்கு வந்தார். டிராக்டர் தொழிலில் பல வருஷ நஷ்டம், உறவை முறித்துக்கொண்டார். அதில் தவறில்லை, விலகலாம் என்றுதானே பேச்சு! ஆனால் முறித்த கையோடு அதே மூன்று கைகளை வைத்துத் தம் பெயரில் டிராக்டர் விற்றாரே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பெர்குஸன் 1948-ல் 25 கோடி டாலருக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டார். 1952-ல் கிடைத்தது 92½ லட்சம். அடுத்த வருஷம் கனடாவின் மாஸி-ஹாரிஸ் கம்பெனியோடு தம் தொழிலை இணைத்தபோது, விலையில் பத்து லட்சம் டாலர் தகராறு வந்தது. காசைச் சுண்டிப் போட்டுத் தீர்த்துக்கொண்டார்கள். தோற்றது பெர்குஸன். நாலு வருஷம் கோர்ட்டு ஏறிய மனிதர் அதை ஒரு காசின் மேல் விட்டதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது.

இதற்கிடையே இங்கிலாந்தில் கவன்டிரி நகரத்தில் 1946 முதல் பத்து வருஷத்தில் அவருடைய சாம்பல் நிற டிராக்டர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல் தயாராகின. அவற்றில் மூன்றை ஓட்டிக்கொண்டுதான் எட்மண்ட் ஹில்லாரி 1958 ஜனவரியில் தென் துருவம் போய்ச் சேர்ந்தார். 1960-ல் சென்னையில் 'டிராக்டர்ஸ் அண்ட் பார்ம் எக்விப்மென்ட்' கம்பெனி மாஸி பெர்குஸன் கூட்டுறவோடு தொடங்கியது. அதே வருஷம் அக்டோபரில் பெர்குஸன் இறந்தார். எங்கள் கொட்டகைக்கு அந்த வம்சம் வந்த வழி இது.

மேஸ்திரி மேல்மூடியைக் கழற்றிக் காட்டினார். இந்த வண்டியில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். கியர் கம்பியின் ரப்பர் கிழிந்து, நாலு வருஷ மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, எண்ணெய் பால்விட்ட காபி மாதிரி ஆகியிருந்தது. குற்றம் வண்டியுடையது அல்ல, என்னுடையது. ஒரு தார்ப்பாய் வாங்கிப் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். எண்ணெயை வடித்து, டீசல் ஊற்றிக் கழுவி, தூக்கும் பிஸ்டனுக்கு வளையம் மாற்ற மூன்று நாள் ஆயிற்று. சுருள்வில் துருப்பிடித்து அசையாமல் கிடந்தது. அதைக் கழற்றித் தேய்த்து எண்ணெய் போடும் வேலையை எனக்குக் கொடுத்தார். இத்தனை சரித்திரமும் படித்த பிறகு அதைக் கையில் வாங்கினேன், கனமாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டி மேட்டு நிலத்தில் இறக்கினோம். கெட்டி மண் வந்த இடத்தில் கலப்பை ஒரு விரற்கடை எழுந்து, தாண்டியதும் இறங்கியது. நான் எந்தக் கம்பியையும் தொடவில்லை. மேஸ்திரி வரப்பில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

சங்கிலி இப்போது கீழே, அச்சுக்கும் தாழ்வான இழுவைச் சட்டத்தில் தொங்குகிறது. புளியமர வேர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.