கோட்டையூர்க்காரர் எடுத்த காந்தி படமும் நம்ம பையன் எடுத்த படமும்



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பது நிமிஷம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள். இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பெயர் வேண்டாம். நம்ம மாவட்டத்துப் பையன்தான். ஆறு வருஷம் பாடுபட்டு ஒரு படம் எடுத்திருக்கிறார். ஊர்க்காரர்களே நடிகர்கள், ஊர்க் கண்மாயே செட். அம்மாவின் நகை போனது, ரோட்டோரத்து அரை ஏக்கர் போனது. கதையில் ஒரு ஆடு வருகிறது. அந்த ஆட்டுக்காக விலங்குகள் நல அனுமதி வாங்கி, தணிக்கைச் சான்றிதழ் வாங்கி, போஸ்டர் அடித்து, தியேட்டரில் டிஜிட்டலில் ஓட்டுவதற்குத் தனியாகக் கட்டணம் கட்டி, ஒரு வெள்ளிக்கிழமை படம் வெளியானது. பகல் காட்சி மட்டும்தான் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் நான் போனேன். என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். செவ்வாய்க்கிழமை போஸ்டர் மேல் வேறு போஸ்டர் ஒட்டிவிட்டார்கள்.

வந்தவர் காபியைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். "சார், நான் தப்புப் பண்ணிட்டேனா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன். நான் சரித்திர வாத்தியார். எதைக் கேட்டாலும் பழைய கதைக்குத்தான் போவேன். அன்றைக்கு அவரிடம் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்கு ரயிலில் போனால் திருமயம், செட்டிநாடு தாண்டியதும் கோட்டையூர் வரும். இன்றைக்கு சிவகங்கை மாவட்டம். அன்றைக்கு ராமநாதபுரம் ஜில்லா. நம்ம ஊர் அப்போது தொண்டைமான் சமஸ்தானம். 1948-ல்தான் இந்தியாவோடு இணைந்தது. அந்தக் கோட்டையூரில் 1911-ல் பிறந்தவர் அ. கருப்பன் செட்டியார். ஏ. கே. செட்டியார் என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். வட்டித்தொழிலுக்கு பர்மா போன சமூகம் அது. இவரும் ரங்கூனுக்குப் போனார். ஆனால் அங்கே 'தனவணிகன்' பத்திரிகையின் ஆசிரியராக உட்கார்ந்தார். பிறகு ஜப்பானிலும் நியூயார்க்கிலும் போய் போட்டோ, கேமரா வேலை படித்தார்.

1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் 'சமாரியா' என்ற கப்பலில் இருக்கிறார். அன்றைக்கு காந்தி பிறந்தநாள் என்பது ஞாபகம் வருகிறது. காந்தியைப் பற்றி ஒரு முழுநீள ஆவணப்படம் எடுத்தால் என்ன என்று நடுக்கடலில் ஒரு எண்ணம். அப்போது அவருக்கு வயது 26 கூட நிறையவில்லை. கையில் மூலதனம் இல்லை, பின்னால் ஸ்டூடியோ இல்லை.

இதில் முதல் சிக்கல் காந்தியேதான். அவருக்கு சினிமா பிடிக்காது. 1927-ல் அரசாங்கம் திரைப்பட விசாரணைக் குழு ஒன்றை அமைத்து அவர் கருத்தைக் கேட்டபோது, தமக்கு அதில் ஈடுபாடே இல்லை என்று பதில் எழுதியவர். கேமராவுக்கு முன்னால் நிற்கச் சொன்னால் நிற்க மாட்டார். வேகமாக நடந்துகொண்டே இருப்பார், எடுப்பவன் பின்னாலேயே ஓட வேண்டும். நாயகனே ஒத்துழைக்காத படத்தை எப்படி எடுப்பது?

செட்டியார் கண்டுபிடித்த வழி இது. காந்தியை உலகம் பூராவும் யார் யாரோ ஏற்கனவே படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். தண்டி யாத்திரையை எடுத்தவர்கள் உண்டு. 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்கு லண்டன் போனபோது எடுத்தவர்கள் உண்டு. செய்திப்பட நிறுவனங்களின் கிடங்கில் அந்தச் சுருள்கள் கிடக்கும். அதையெல்லாம் தேடிப்பிடித்து, விலைக்கு வாங்கி, விட்டுப்போனதைப் புதிதாக எடுத்து, ஒன்றாகச் சேர்ப்பது.

கேட்க எளிது. கம்ப்யூட்டர் இல்லாத காலம், பிள்ளைகளே. லண்டனில் ஒரு கிடங்கில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கப்பல் ஏறி லண்டனுக்குப் போக வேண்டும். தென்னாப்பிரிக்காவில் காந்தி இருந்த காலத்துப் படம் கிடைக்குமா என்று பார்க்க தென்னாப்பிரிக்காவுக்குப் போக வேண்டும். போனார். டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்து, தெரிந்தவர்களிடம் பணம் திரட்டி, கண்டம் விட்டுக் கண்டம் அலைந்தார். பாரிசில் படித்த பி. வி. பதி போன்ற கேமரா வல்லுநர்கள் உதவிக்கு வந்தார்கள். மொத்தம் ஒரு லட்சம் மைல் பயணம். முப்பது வருஷங்களில் நூறு கேமராக்காரர்கள் எடுத்த 50,000 அடிப் படச்சுருள் கையில் சேர்ந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பேசும்படச் சுருள் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். 50,000 அடி என்றால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். அதிலிருந்து வெட்டி ஒட்டி ஏறத்தாழ 12,000 அடிக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டேகால் மணி நேரம். அதில் இன்னொரு தொல்லை. மௌனப்படக் காலத்தில் கையால் சுற்றி எடுத்த சுருளைப் பேசும்பட மிஷினில் ஓட்டினால் ஆட்கள் பொம்மை மாதிரி குடுகுடுவென்று ஓடுவார்கள். வேகமாக நடக்கும் காந்தி இன்னும் வேகமாக ஓடுவார். பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒரே சுருளில் சேர்த்தவர்கள் எல்லோருக்கும் அந்தக் காலத்தில் இருந்த தலைவலி அது. போதாததற்கு அந்தச் சுருள்கள் நைட்ரேட்டில் ஆனவை. தீக்குச்சி மாதிரி பற்றிக்கொள்ளும். அதைத்தான் இந்த மனிதர் கப்பல் கப்பலாக ஏற்றிக்கொண்டு வந்தார்.

படம் முடிந்தது. இனிமேல்தான் நம்ம மாணவரின் கதைக்குப் பக்கத்தில் வருகிறோம். எடுப்பது ஒரு மலை என்றால், அதைக் கொண்டுபோய் ஜனங்களிடம் சேர்ப்பது அடுத்த மலை.

1940 ஆகஸ்ட் 23. சென்னை ராக்ஸி தியேட்டரில் தமிழ் விளக்கவுரையோடு படம் வெளியானது. காந்தியைப் பற்றிய முதல் முழுநீள ஆவணப்படம், அதுவும் முதலில் தமிழில். இதை நான் வகுப்பில் சொன்னபோதெல்லாம் யாரும் நம்பியதில்லை.

ஆனால் அந்தத் தேதியைக் கவனியுங்கள். 1939 செப்டம்பரில் உலகப்போர் ஆரம்பம். அக்டோபர் கடைசியில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா. காங்கிரஸ் ஆட்சி இருந்தவரை தணிக்கை கொஞ்சம் தளர்ந்திருந்தது. கே. சுப்ரமணியத்தின் 'தியாகபூமி' 1939-ல் வந்தது அந்தத் தைரியத்தில்தான். ஆட்சி போனதும் அதற்கே தடை விழுந்தது. சென்னை மாகாணத் தணிக்கை வாரியத்துக்கு யார் தலைவர் தெரியுமா? போலீஸ் கமிஷனர்! செட்டியார் படம் வந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை, அக்டோபர் 17-ல் வினோபாவை முதல் ஆளாக அனுப்பி காந்தி தனிநபர் சத்தியாக்கிரகத்தை ஆரம்பித்துவிட்டார். ராஜாங்கத்துக்கு எதிரி ஆகிவிட்ட மனிதரின் படத்தை எந்தத் தியேட்டர் முதலாளி துணிந்து போடுவார்? லைசென்ஸ் போனால் பிழைப்பு போச்சு.

அதே 1940-ல் நம்ம புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த 'உத்தம புத்திரன்' வந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படம். கத்திச்சண்டை, பாட்டு எல்லாம் உண்டு. ஜனம் அலைமோதியது. நான் சின்னப்பாவைக் குறைசொல்லவில்லை, அவர் நம்ம ஊர்ப் பெருமை. அதே வருஷத்தில் இந்தப் பக்கம் சண்டையும் காதலும் இல்லாத ஒரு படம். நாயகன் ஒரு கிழவர், இடுப்பில் ஒரு துண்டு. அதைத் தூக்கிக்கொண்டு விநியோகஸ்தரிடம் போனால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

செட்டியார் விடவில்லை. தெலுங்கில் விளக்கம் சேர்த்து வெளியிட்டார். சுதந்திரம் கிடைத்த 1947 ஆகஸ்டில் டெல்லியில் இந்தி வடிவம் காட்டப்பட்டது. பிறகு அமெரிக்காவுக்குப் போய் ஆங்கில வடிவத்துக்கும் வழி செய்தார். 1953-ல் அது அங்கே வெளியானது. ஒரே படத்துக்காக நடுக்கடலில் தோன்றிய எண்ணத்திலிருந்து பதினாறு வருஷம்.

லாபம் வந்ததா என்று மாப்பிள்ளைமார் யாராவது கேட்பீர்கள். அந்தக் கணக்கு எனக்குத் தெரிந்து பெருமைப்படும்படி இல்லை. ஆனால் ஒன்று பாருங்கள், அந்த மனிதர் உடைந்து உட்காரவில்லை. 1943-ல் 'குமரி மலர்' ஆரம்பித்தார். 1983-ல் கண்மூடும் காலம் வரை அதுதான் வாழ்க்கை. படம் எடுத்த அனுபவத்தையும் பிற்காலத்தில் அதில்தான் எழுதினார். இன்று 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்று நூலாகக் கிடைக்கிறது. ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்தது. வாங்கிப் படியுங்கள். இந்த அலைச்சலை எல்லாம் செய்தவர், தன்னைப் பற்றிப் பேசவே கூச்சப்படுவது தெரியும்.

இனி என் மனசை உறுத்துகிற விஷயம். 1940-ல் ராக்ஸியில் ஓடிய அந்தத் தமிழ்ப் படத்தின் முழுப் பிரதி இன்று நம் கையில் இல்லை. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகக் காப்பகத்தில் ஆங்கில வடிவம் கிடைத்தது, அதையும் வேங்கடாசலபதிதான் தேடிப்பிடித்தார். ஒரு லட்சம் மைல் சுற்றிக் கொண்டுவந்ததை நாம் ஒரு அலமாரியில் பத்திரமாக வைக்கவில்லை. போலீஸ் பயம் ஏழு வருஷத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தொலைந்தது நம் அசட்டையால்.

தனி ஆளாகப் படம் எடுத்தவர்கள் வேறு சிலரும் உண்டு. ஜெயகாந்தன் 1965-ல் தன் கதையைத் தானே 'உன்னைப்போல் ஒருவன்' என்று எடுத்தார். பாட்டு கிடையாது. தேசிய விருது வந்தது, தியேட்டர் வரவில்லை. கேரளத்தில் ஜான் ஆபிரகாம் வேறு வழி பார்த்தார். நண்பர்களோடு ஒடேஸா என்ற குழுவை அமைத்து, ஊர் ஊராக ஜனங்களிடம் சில்லறை திரட்டி 1986-ல் 'அம்ம அறியான்' எடுத்தார். காட்டியதும் அப்படித்தான், புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக. தியேட்டர் கதவு திறக்காவிட்டால் பள்ளிக்கூடத் திடல் இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு.

நமக்கும் அது புதுசா என்ன? டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் எடுத்து, மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த தலைமுறை நாங்கள். "பெட்டி வந்தாச்சா?" என்று பஸ் ஸ்டாண்டில் போய்க் கேட்போம். படம் எங்களைத் தேடி வந்தது. இன்றைக்கு சினிமா வியாபாரத்தில் நம்ம மாவட்டம் திருச்சி, தஞ்சாவூரோடு சேர்ந்த டி.டி. ஏரியா. பக்கத்துக் கோட்டையூர் மதுரை, ராமநாதபுரம் ஏரியா. சின்னப் படம் எடுத்தவன் பத்து மைல் தள்ளி ஓட்டவும் வேறு ஆளைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மாணவர் கேட்டார்: "அப்ப அவரும் தோத்துத்தானே போனார், சார்?"

"தம்பி, உன் படம் இப்ப எங்கே இருக்கு?" என்று நான் கேட்டேன்.

"ஒரு ஹார்ட் டிஸ்க்குல சார். வீட்டு பீரோவுல."

"இன்னொரு காப்பி?"

இல்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுநாளே இரண்டு பிரதி போட வைத்தேன். ஒன்று என் வீட்டில் இருக்கிறது. இன்னொன்று சென்னையில் அவர் தங்கை வீட்டில்.

இப்போது முதலில் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். இந்தப் பையன் பத்தாம் வகுப்பு படிக்கும்போது, சரித்திர நோட்டின் பின்பக்கத்தில் ஒரு கதை எழுதிக் கொண்டுவந்து காட்டினான். கண்மாய் வற்றிப்போன ஒரு ஊரின் கதை. நான் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "முதலில் பரீட்சைக்குப் படி, சினிமா சோறு போடாது" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் ஞாபகம் வைத்திருந்து சொல்லிக்காட்டவில்லை. தியேட்டரில் பதினோராவது ஆளாக உட்கார்ந்து படத்தைப் பார்த்தபோது எனக்குத்தான் ஞாபகம் வந்தது. அதே கண்மாய், அதே கதை. நான் சொன்ன வார்த்தை பொய்யில்லை, சோறு போடவில்லைதான். ஆனால் அன்றைக்கு அந்த மீதிப் பக்கங்களையும் நான் படித்திருக்க வேண்டும்.

படம் எப்படி என்று கேட்பீர்கள். நடுவில் கொஞ்சம் இழுக்கிறது. ஒலி இரண்டு இடத்தில் சரியில்லை. ஆனால் கடைசி இருபது நிமிஷம் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தேன். வாத்தியார் மார்க் போடுவதில் கஞ்சன் என்பது உங்களுக்கே தெரியும். எழுபது போடுவேன்.

அதனால் ஒரு வேண்டுகோள். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நம்ம ஊரில் ஒரு மண்டபத்தில் அந்தப் படத்தைப் போடலாம் என்று இருக்கிறோம். மண்டப வாடகை என் பென்ஷனில். டிக்கெட் நூறு ரூபாய். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவை அனுப்பிவையுங்கள். ஓசி பாஸ் எனக்கும் கிடையாது, என் சம்பந்தி வீட்டாருக்கும் கிடையாது. முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

பதினோரு பேர் இருந்த இடத்தில் நூற்றுப்பத்துப் பேர் உட்கார்ந்தால் போதும். அவன் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு நான் வாயால் பதில் சொல்ல வேண்டியிருக்காது.

வருகிறவர்கள் கீழே பெயரைப் போடுங்கள். எந்த வருஷ செட் என்பதையும் போடுங்கள். வருகைப் பதிவேடு எடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்