கோவில்பட்டி கொண்டையராஜுவின் தெய்வக் காட்சி ஓவியங்கள்

சி. கொண்டையராஜு (1898–1976) தெய்வக் காட்சிகளை நாள்காட்டிப் படங்களாக வரைந்த தமிழக ஓவியர். இவரும் இவருடைய மாணவர்களும் கோவில்பட்டியில் வரைந்த படங்கள் சிவகாசியில் அச்சாகி, தென்னிந்திய வீடுகளின் பூசையறைகளை அடைந்தன.

நாடகத் திரையிலிருந்து

கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். சில காலம் திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் தங்கியிருந்தார். பின்னர் நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை வரையும் தொழிலுக்கு வந்தார். 1940களின் தொடக்கத்தில் அவர் இருந்த குழு கோவில்பட்டியில் கலைந்தபோது அவ்வூரிலேயே தங்கிவிட்டார். டி. எஸ். சுப்பையா, டி. எஸ். அருணாசலம், மு. இராமலிங்கம் முதலியோர் அவரிடம் தொழில் கற்றனர்.

கரிசல் பகுதி மழை குறைந்தது. அந்த வறண்ட காற்று தீப்பெட்டித் தொழிலுக்கும் அச்சுத் தொழிலுக்கும் உதவியது. தீப்பெட்டிக்கு லேபிள் அச்சடிக்கத் தொடங்கிய சிவகாசி, நாள்காட்டி அச்சிலும் முன்னணிக்கு வந்தது. அதற்குப் படம் தர அருகிலேயே கோவில்பட்டி ஓவியர்கள் இருந்தனர்.

நீரில் கரைத்த வண்ணம்

நாடகத் திரைகள் தூள் வண்ணத்தில் பசை கலந்து வரையப்பட்டவை. கல்லும் மரமும் மேகமும் கொண்ட பின்னணி, நடுவில் ஒளி வீசும் உருவம் என்ற மேடை அமைப்பு நாள்காட்டிப் படங்களிலும் தொடர்ந்தது. இவற்றுக்கும் நீரில் கரையும் வண்ணங்களே பெரிதும் பயன்பட்டன. கொண்டையராஜுவின் படங்களில் புகழ்பெற்றது மீனாட்சி திருக்கல்யாணம். மதுரைக் கோயிலின் கம்பத்தடி மண்டபத் தூணில் சிற்பமாக உள்ள இக்காட்சியில், திருமால் தாரை வார்க்க, சிவபெருமான் மீனாட்சியின் கரம் பற்றுகிறார்.

விவிலியத்தில் ஓர் ஒப்பீடு

இயற்கைக்கு மீறிய காட்சியை நீர்வண்ணத்தில் காட்டும் முயற்சி பிற நாடுகளிலும் உண்டு. ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் (1757–1827), தாமஸ் பட்ஸ் என்ற அரசு ஊழியருக்காக விவிலியக் காட்சிகள் பலவற்றை நீர்வண்ணத்தில் வரைந்தார். 1805ஆம் ஆண்டளவில் வரைந்த 'யாக்கோபின் கனவு' அவற்றுள் ஒன்று. ஆதியாகமம் 28ஆம் அதிகாரத்தின்படி, கல்லைத் தலையணையாக வைத்து உறங்கிய யாக்கோபு, பூமியிலிருந்து வானத்தை எட்டும் ஏணியில் தேவதூதர்கள் ஏறி இறங்குவதைக் காண்கிறான். பிளேக் அதைச் சுழன்று மேலேறும் படிக்கட்டாக வரைந்தார். விழித்த யாக்கோபு அந்தக் கல்லை நட்டு எண்ணெய் வார்த்தான் என்ற செய்தி, கல்லை நட்டு வழிபடும் தமிழருக்குப் புதிதன்று.

எஞ்சியதும் இழந்ததும்

 பிளேக்கின் படம் இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. கோவில்பட்டிப் படங்களின் கதை நேர்மாறானது. அவற்றை எண்ணற்ற மக்கள் அன்றாடம் பார்த்தனர். பார்த்தவர்களில் பெரும்பாலோர் மூலையில் இருந்த ஓவியர் பெயரைக் கவனித்ததில்லை. மூல ஓவியம் பொதுவாக அச்சிடுவோர் வசமே போனது. ஆண்டு முடிந்ததும் நாள்காட்டியின் தாள்கள் தீர்ந்தன. படத்தை மட்டும் எறிய மனமின்றிச் சட்டமிட்டு மாட்டியவர்கள் உண்டு. பழைய வீடுகளின் சுவர்களில் மங்கித் தொங்கும் அந்தப் படங்களே இன்று இக்கலைக்கு எஞ்சிய சான்றுகளில் முக்கியமானவை. வீடு இடிக்கும்போதும் வெள்ளையடிக்கும்போதும் அவை குப்பைக்குப் போகாமல், ஓவியர் பெயரோடு பதிவு செய்யப்பட வேண்டும்.