சிவப்பு மரவீடுகளும் ஒரு செம்புச் சுரங்கமும்

ஸ்வீடன் நாட்டுக் கிராமங்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். புல்வெளி, பின்னால் ஏரி, நடுவில் வெள்ளை ஓரம் வைத்த சின்னச் சிவப்பு மரவீடு. ஒன்றிரண்டு வீடு என்றால் சரி, நாடு முழுக்க ஏன் அதே சிவப்பு? அழகுக்காக என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பதில் ஃபாலுன் என்ற ஊரின் செம்புச் சுரங்கத்தில் இருக்கிறது.

வணிகவியல் படிக்கும் நண்பர்கள் இந்தச் சுரங்கத்தை அறிந்துகொள்ளத்தான் வேண்டும். 1288-ல் ஒரு பிஷப் இதன் எட்டில் ஒரு பங்கைத் திரும்பப் பெற்றதற்கான பத்திரம் இன்றும் இருக்கிறது. உலகின் மிகப் பழைய பங்குப் பத்திரங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள்.

சுரங்கத்தில் செம்பு குறைவாக இருந்த கல்லை வெளியே குவித்து வைத்தார்கள். பல ஆண்டுகள் மழையும் காற்றும் பட்டு அது மக்கி, இரும்பு ஆக்சைடு நிறைந்த மண்ணானது. அதைக் கழுவி, சுட்டு, அரைத்தால் சிவப்புப் பொடி. 16ஆம் நூற்றாண்டில் அரசர் மூன்றாம் யோஹான் அரண்மனைக் கூரைக்கு இந்தச் சிவப்பைக் கேட்டு வாங்கினார். பிறகு பணக்காரர்கள் தங்கள் மரவீட்டைச் செங்கல் வீடு போலக் காட்டிக்கொள்ளப் பூசினார்கள். 1764 முதல் தொடர்ந்து தயாராகி, 19ஆம் நூற்றாண்டில் குடியானவர் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

செய்முறை ஏறக்குறைய சமையல்தான். தண்ணீரில் ரை மாவைப் போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சி, அன்னபேதி, சிவப்புப் பொடி, கொஞ்சம் ஆளிவிதை எண்ணெய் சேர்க்க வேண்டும். கஞ்சி பொடியை மரத்தோடு ஒட்ட வைக்கிறது. அன்னபேதி பூஞ்சையைத் தடுக்கிறது.

இனிதான் முக்கியமான விஷயம். மரம் நனைவதால் மட்டும் உளுத்துப் போவதில்லை, நனைந்த பின் காயாமல் இருப்பதால்தான் உளுத்துப் போகிறது. பலகையின் ஈரம் சுமார் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். எவ்வளவு பூசினாலும் ஆணி ஓட்டை, பலகை இடுக்கு, அறுத்த முனை வழியாகத் தண்ணீர் எப்படியும் உள்ளே போகும். 20ஆம் நூற்றாண்டில் வந்த பிளாஸ்டிக் வகைப் பெயிண்டுகள் மரத்தின் மேல் ஒரு தோலாகப் படிந்தன. பார்க்கப் பளபளப்புதான். ஆனால் அந்தத் தோல் ஒரு இடத்தில் வெடித்தால், உள்ளே போன நீர் எளிதில் வெளியேற வழியில்லை. மேலே பெயிண்ட் நன்றாக இருக்க, உள்ளே பலகை மெத்தென்று ஆகிவிடும்.

கஞ்சிச் சாயமோ தோலாகப் படிவதில்லை. ஈரம் வந்த வழியே போய்விடும். வெயிலிலும் மழையிலும் அது உதிர்ந்து மங்கும். அப்போது தளர்ந்த பொடியைத் துடைப்பத்தால் தேய்த்துவிட்டு மேலேயே மறுபடி பூசலாம், சுரண்ட வேண்டாம். குறைகளும் உண்டு. இழைத்த வழுவழுப்பான பலகையில் சரியாகப் பிடிக்காது, சொரசொரப்பான பலகை வேண்டும். பழைய பிளாஸ்டிக் பெயிண்டின் மேலும் நிற்காது. சுவரில் சாய்ந்தால் சட்டை சிவந்துவிடும் :-)

சுரங்கம் 1992-ல் மூடப்பட்டது. 2001-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. சாயம் மட்டும் இன்னும் விற்பனையில் இருக்கிறது, அந்தப் பழைய குவியல்களிலிருந்தே. செலவுக் கணக்கியலில் துணை விளைபொருள் என்று இரண்டு வரியில் படித்துவிட்டுப் போகிறோம். இங்கே முக்கிய விளைபொருள் முடிந்துபோய், துணை விளைபொருள்தான் வியாபாரத்தை நடத்திக்கொண்டிருக்கிறது!