மேகாலயாவில் 2 புதிய தாவும் சிலந்திகள்: வடகிழக்கின் அறியப்படாத உயிர்வளம்

மேகாலயாவில் அறிவியல் உலகுக்குப் புதியவையான 2 தாவும் சிலந்தி இனங்களை இந்திய விலங்கியல் ஆய்வு மைய விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். 2025-ம் ஆண்டு அறிவிக்கப்பட்ட இவற்றுக்கு அசமோனியா டென்டிஸ், கோலிட்டஸ் நோங்வார் எனப் பெயரிடப்பட்டுள்ளது. இந்தியாவில் அசமோனியா பேரினத்தில் இது 3-வது இனம். கோலிட்டஸ் பேரினத்தில் 2-வது இனம்.

இந்திய-பர்மா பல்லுயிர்ச் செறிவு மண்டலத்தில் அமைந்துள்ள வடகிழக்கு மாநிலங்களில் சிலந்திகள் குறித்த கள ஆய்வுகள் குறைவாகவே நடந்துள்ளன. தாவும் சிலந்திகள் வலை விரித்துக் காத்திருப்பதில்லை. கூரிய பார்வையால் இரையைக் கண்டு, பாய்ந்து பிடிக்கின்றன. உருவில் மிகச் சிறியவை என்பதால் இலைகளிடையே எளிதில் புலப்படுவதில்லை.

நிறத்தை மட்டும் கொண்டு இனத்தை உறுதிசெய்ய இயலாது. இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பு நுண்ணோக்கியில் ஒப்பிடப்படுகிறது. ஆண் சிலந்தியின் உணர்காலில் உள்ள பல் போன்ற அமைப்பே 'டென்டிஸ்' என்ற பெயருக்குக் காரணம். 'நோங்வார்' என்பது காசி மலைப்பகுதிக் கிராமம் ஒன்றின் பெயர்.

உலகில் பெயரிடப்பட்ட சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022-ல் 50,000-ஐத் தொட்டது. பூச்சிகளின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவதில் சிலந்திகளுக்குப் பெரும் பங்கு உண்டு. எனினும், பெயரிடப்படாத இனத்தை அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்ப்பது கடினம். காடுகள் சுருங்கும்போது அத்தகைய இனங்கள் பதிவு பெறாமலேயே மறைந்துவிடக்கூடும்.