குளம்படியில் ஒரு பரம்பரை

பண்ணையாரின் வரலாற்றை எழுதுவது எளிது. உயில் இருக்கும், ஓவியம் இருக்கும், தேவாலயச் சுவரில் பளிங்குக் கல்லில் பெயர் இருக்கும். அவருடைய குதிரைக்கு லாடம் அடித்தவருக்கு இவை எதுவும் கிடையாது. ஆனால் இங்கிலாந்தில் தம் குடும்பத்தின் வேரைத் தேடிப் போகிறவர்கள், நான்கைந்து தலைமுறைக்கு அப்பால் ஒரு கிராமத்து லாடக்காரரிடம் போய் நிற்பது அபூர்வமில்லை. அவராக எழுதி வைத்தது பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. வரி வசூலித்தவர்களும் தலையெண்ணியவர்களும் சட்டம் போட்டவர்களும் விட்டுச்சென்ற ஏடுகளில்தான் அவரைப் பிடிக்க வேண்டும். இந்த வாரம் அவரைத் தேடுவோம்.

முதலில் அவருடைய வேலை. குதிரையின் குளம்பு நம் நகம் போல வளர்ந்துகொண்டே இருக்கும். ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை பழைய லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடித்தாக வேண்டும். தோல் ஏப்ரன் கட்டிய லாடக்காரர் குதிரைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, அதன் காலைத் தன் முழங்கால்களுக்கு இடையே இடுக்கிக்கொள்வார். உலையிலிருந்து எடுத்த லாடத்தைக் குளம்பில் ஒரு கணம் வைத்து எடுப்பார். கருகிய தடம், எங்கே படிகிறது, எங்கே மேடு என்று காட்டிக்கொடுத்துவிடும். பிறகு ஆணி. உணர்ச்சியற்ற வெளி ஓட்டுக்குள் சாய்வாக ஏறி, பக்கவாட்டில் முனை வெளியே எட்டிப்பார்க்க வேண்டும். அந்த முனையை ஒடித்து, மிச்சத்தை மடக்கித் தட்டுவார். நூலிழை உள்ளே போனாலும் சதையில் குத்திச் சீழ் பிடிக்கும். குதிரை நொண்டினால் உழவு நிற்கும், வண்டி நிற்கும்.

இந்தக் கைத்திறனின் அருமை நம் மண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரசர்கள் பெரும் பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் பராமரிக்கத் தெரிந்த ஆளில்லாமல் செத்து விழுந்ததைச் சொல்கிறார். செத்தால்தானே மறுபடி விற்கலாம் என்று, குதிரை வணிகர்கள் லாடக்காரர்களை இங்கே வரவே விடவில்லை என்கிறார்.

லாடம் அடிப்பது நம் கிராமத்து லாடக்காரரின் வேலையில் ஒரு பாதிதான். மறு பாதி வைத்தியம். ரத்தம் எடுப்பது, கொம்பில் ஊற்றி மருந்து புகட்டுவது, நொண்டும் காலுக்குச் சூடு போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. லண்டன் நகரில் இந்தத் தொழிலாளர்களின் சங்கம் 1356-லேயே உருவாகிவிட்டது. கிராமத்து ஆளின் தடயத்துக்கு அது உதவாது; ஒரு வரி உதவுகிறது.

1710-ல், தொழில் பழக வரும் பையனிடம் எஜமானர் வாங்கும் தொகைக்கு அரசு முத்திரை வரி போட்டது. 50 பவுன் வரை, பவுனுக்கு 6 பென்ஸ். 1811 வரை நீளும் அந்தக் கணக்கேடுகள் இன்று லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எஜமானரின் பெயர், ஊர், தொழில், பையனின் பெயர், கட்டிய தொகை எல்லாம் அவற்றில் உண்டு. தொடக்கக் காலப் பதிவுகளில் தந்தையின் பெயரும் இருக்கும். அங்கே பெயர் இல்லையென்றால் சோர்ந்துவிடக் கூடாது. திருச்சபை வட்டத்தின் செலவில் தொழிலுக்கு அனுப்பப்பட்ட ஏழைப் பிள்ளைகளுக்கு வரி கிடையாது. அவர்களை அந்த வட்டத்தின் ஏழைகள் நிவாரணக் காகிதங்களில் தேட வேண்டும்.

1754 முதல் திருமணப் பதிவேட்டில் மணமக்கள் கையெழுத்தோ குறியோ இட்டார்கள். 1813 முதல் ஞானஸ்நானப் பதிவேட்டில் தந்தையின் தொழிலுக்குத் தனிக் கட்டம் வந்தது. 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கவனம் தேவை: 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 45 என்றிருப்பவர் 49 ஆகவும் இருக்கலாம். 1851 ஏடு மேலும் தாராளமானது. பிறந்த ஊரைச் சொல்லும். எஜமானராக இருந்தால், எத்தனை பேரை வேலைக்கு வைத்திருந்தார் என்பதையும் பல இடங்களில் சொல்லும்.

இந்த ஏடுகளை வரிசையாக வைத்துப் படிக்கும்போது, ஒரு தொழிலின் பாதி பறிபோவதும் கண்ணில் படுகிறது. 1785-ல் ஹாம்ப்ஷயரின் ஓடியம் ஊர் வேளாண் சங்கம், குதிரை வைத்தியத்தை முறையான கல்வியாக்க வேண்டும் என்று குரல் கொடுத்தது. 1791-ல் லண்டனில் கால்நடை மருத்துவக் கல்லூரி பிறந்தது. அதன் முதல் பேராசிரியர், பிரான்சிலிருந்து வந்த சேன் பெல், 1793-ல் இறந்துபோனார். அடுத்து வந்த எட்வர்ட் கோல்மன் மனிதர்களுக்கு அறுவை சிகிச்சை செய்யப் பயின்றவர். அவர் காலத்தில் சில மாதங்கள் படித்தே பட்டயத்தோடு வெளியேறியவர்கள் உண்டு. ஏழு வருடம் குதிரையின் காலடியில் கிடந்து கற்றவரை, இவர்களோடு ஒப்பிட்டு அறியாதவர் என்று எழுதிவைத்தது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். அவர் வைத்தியத்தில் பிழைகள் இருந்தன, மறுக்கவில்லை. அன்றைய மனித வைத்தியத்திலும்தான் ரத்தம் எடுத்தார்கள்.

1844-ல் பட்டம் பெற்றவர்களின் அமைப்புக்கு அரச சாசனம் கிடைத்தது. 1881 சட்டம் கால்நடை மருத்துவர் என்ற பெயரையே அவர்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது. ஐந்து ஆண்டுகளாகத் தொடர்ந்து வைத்தியம் பார்த்துவந்தவர்கள் மட்டும் தனிப் பட்டியலில் பதிந்துகொள்ளலாம் என்று ஒரு வாசல் திறந்திருந்தது. கொள்ளுத்தாத்தா அந்த வாசல் வழியே நுழைந்திருந்தால் அந்தப் பட்டியலில் அகப்படுவார். இல்லாவிட்டால், அடுத்து வரும் கணக்கெடுப்புகளில் அவரும் மகன்களும் கொல்லராகவோ லாடம் அடிப்பவராகவோதான் தெரிவார்கள்.

இந்தத் தடம் கணக்கெடுப்பு ஏடுகளில் 1921 வரை வருகிறது. 1931 ஏடுகள் 1942-ல் தீயில் அழிந்தன. 1941-ல் போரால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1921-ல் யாரிடம் வேலை, எங்கே வேலை என்றும் கேட்டார்கள். பேரன் இன்னும் தாத்தாவின் பட்டறையிலேயே நிற்கிறாரா, ரயில்வே லாயத்திலோ நிலக்கரிச் சுரங்கத்திலோ குதிரைக்கு லாடம் அடிக்கும் சம்பளக்காரராகப் போய்விட்டாரா என்பது அந்தக் கட்டத்தைப் படித்தால் தெரிந்துவிடும்.