அய்யனார் காட்டில் ஒரு சஃபாரி

1909 மார்ச்சில் அமெரிக்க அதிபர் பதவியை விட்டு இறங்கிய தியோடர் ரூஸ்வெல்ட், அதே மாதம் ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். மொம்பாசாவிலிருந்து உள்நாட்டுக்குப் போன ரயிலில் அவருக்குப் பிடித்துப்போன இடம், எஞ்சினின் மூக்குக்கு முன்னால் பொருத்தியிருந்த பலகை. நேற்றுவரை வல்லரசை ஆண்டவர், அதில் உட்கார்ந்து வரிக்குதிரைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே போனார். கூடவே தோல் பதப்படுத்த 4 டன் உப்பும் படிக்கப் பெட்டி நிறையப் புத்தகங்களும் பயணப்பட்டன. அவரும் மகன் கெர்மிட்டும் சுட்டு வீழ்த்தியவை 512. கேட்டால், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்காக என்றார்கள்.

 

ஆப்பிரிக்க சஃபாரிக்குப் போகிறவர்கள் தேடுவது ஐந்து விலங்குகளை: சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை. இந்த ஐந்தையும் தேர்ந்தெடுத்தவர்கள் வேட்டைக்காரர்கள். நடந்துபோய்ச் சுடுவதற்கு ஆபத்தானவை என்பதுதான் தகுதி. கென்யா 1977இல் வேட்டையைத் தடை செய்தது. துப்பாக்கி போய் கேமரா வந்தது, பட்டியல் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. எதிரே ஒட்டகச்சிவிங்கி அழகாக இலை மேய்ந்துகொண்டிருக்கும். ஜீப்பில் இருப்பவரோ, "காண்டாமிருகம் எப்போது வரும்?" என்று ஓட்டுநரைப் பிடுங்கியெடுப்பார்.

அவருக்கு ஏற்ற காடு புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. நமணசமுத்திரம் அருகே இளங்குடிப்பட்டி அய்யனார் கோயில் பாதையின் இருபுறமும் மண்குதிரைகள் நூற்றுக்கணக்கில் வரிசை கட்டி நிற்கின்றன. அதிகாலையில் எழுந்து காத்திருக்க வேண்டாம். எந்த மிருகமும் புதருக்குள் ஓடி ஒளியாது. ஒரே ஒரு சங்கடம்: ஆப்பிரிக்காவில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது, இங்கே இறங்குவதோடு செருப்பையும் கழற்ற வேண்டும். காடு மேடெல்லாம் மிதிக்க வாங்கிய விலை உயர்ந்த பூட்ஸ் வாசலிலேயே நின்றுவிட, அதன் சொந்தக்காரர் உச்சிவெயிலில் குதிகாலால் தத்தித் தத்தி நடப்பார்.

இந்தக் குதிரைகள் பார்வையாளருக்காகப் பிறந்தவை அல்ல. மண்குதிரைகளைக் கோயிலுக்குச் சுமந்துபோகும் புரவியெடுப்புத் திருவிழாவுக்கு ஊரார் பிடிமண் கொடுத்தால், மண்பாண்டக் கலைஞரான வேளார் வேலையைத் தொடங்குவார். களிமண்ணில் மணலும் உமியும் கலந்து, முதலில் கால்கள், பிறகு உடல், கழுத்து, தலை என்று எழுப்பிச் சூளையில் சுட்டு, வண்ணம் பூசி, கண் திறப்பார். நேர்த்திக்கடன் வைத்தவர்கள் தோளில் சுமந்துபோய்க் கோயிலில் நிறுத்துவார்கள். இரவில் அய்யனார் ஏறி ஊர்க்காவல் சுற்ற வாகனம் தயார்.

பழைய குதிரைகளை யாரும் பழுது பார்ப்பதில்லை. அவை மழையில் சிதைந்து மண்ணோடு மண்ணாகும். அடுத்த திருவிழாவுக்குப் புதுக்குதிரை வரும். இங்கேதான் விருந்தாளிக்கும் ஊராருக்கும் ஒத்துப்போவதில்லை. ஊராருக்குப் பெருமை, பளபளவென்று வண்ணம் பூசிய இந்த வருஷத்துக் குதிரை. விருந்தாளியோ அதை முதுகால் மறைத்துக்கொண்டு, மூக்குடைந்து பாசி பிடித்த கிழக்குதிரையை மண்டியிட்டுப் படம் பிடிப்பார்.

பெரிய வேட்டை வேண்டுமென்றால் கீரமங்கலம் பக்கம் குளமங்கலத்துக்குப் போக வேண்டும். பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரை 30 அடிக்கு மேல் உயரம். மாசிமகத்தன்று கூட்டத்தோடு படம் எடுக்கலாம் என்று திட்டமிட்டு வருகிறவர்கள் உண்டு. அன்று பக்தர்கள் காகிதப்பூ மாலைகளை மேலே மேலே சாத்திக்கொண்டே இருப்பார்கள். வெளியூர்க்காரர் லென்ஸ் மாற்றி முடிப்பதற்குள் குதிரையின் உடம்பு மாலைக்குள் போயிருக்கும். முகம் கிடைத்தால் அவர் அதிர்ஷ்டம்.