ஆங்கிலத்தில் எழுவாயும் வினைச்சொல்லும்: நாம் தடுமாறும் இடங்கள்

பள்ளியில் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்த பிள்ளைகூட வேலைக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால் தடுமாறுவதைப் பார்க்கிறோம். 'திஸ் ஜாப் சூட் மீ' என்று எழுதிவிடுகிறார்கள். 'சூட்ஸ்' என்று வர வேண்டும். குறைவது ஓர் எழுத்துதான். ஆனால் படிப்பவர் "இவருக்கு ஆங்கிலம் வராது" என்று முடிவு கட்ட அதுவே போதுமானதாகி விடுகிறது.

எழுவாய்க்கு ஏற்ப வினைச்சொல் மாறுவது நமக்குப் புதிதல்ல. வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தது என்று தமிழில் ஆளுக்கு ஆள் வினை மாறுகிறது. ஆங்கிலத்தில் மாற்றம் மிகக் குறைவு. பிறகு ஏன் தவறு வருகிறது? தமிழ்ப் பழக்கத்தை அப்படியே அங்கே கொண்டு போவதால்தான்.

அடிப்படை விதி

நிகழ்காலத்தில் ஹி, ஷி, இட் அல்லது ஒரே ஆள், ஒரே பொருள் எழுவாயாக வந்தால் வினையோடு 'எஸ்' சேரும்: 'ஷி ரீட்ஸ்', 'தி பஸ் கோஸ்'. ஐ, யூ, வீ, தே வந்தால் சேராது: 'தே ரீட்'. பெயர்ச்சொல்லில் 'எஸ்' வந்தால் பெரும்பாலும் பன்மை. வினையில் வந்தால் ஒருமை. இந்தத் தலைகீழ் நிலைதான் பிள்ளைகளைக் குழப்புகிறது.

இறந்தகாலத்தில் 'வாஸ், வேர்' தவிர வேறு மாற்றமில்லை. கேன், வில், மஸ்ட் போன்ற சொற்களுக்குப் பின்னும் 'எஸ்' வராது. கேள்வியில் 'டஸ்' வந்துவிட்டால் அதுவே அந்த 'எஸ்'ஸை எடுத்துக்கொள்ளும். 'டஸ் ஷி கோ?' என்பதே சரி. 'டஸ் ஷி கோஸ்?' தவறு.

தமிழ்ப் பழக்கத்தால் வரும் தவறுகள்

1. மரியாதைப் பன்மை: "அத்தா வந்தாங்க" என்று ஒருவரையே பன்மையில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் தந்தையானாலும் ஆசிரியரானாலும் ஒருவர் ஒருவர்தான்: 'மை ஃபாதர் இஸ் கமிங்'. 'யூ' மட்டும் விதிவிலக்கு. சிறுவனிடம் பேசினாலும் 'யூ ஆர்' தான்.

2. அஃறிணைப் பன்மை: பேச்சில் "புத்தகங்கள் இருக்கிறது" என்கிறோம். அதனால் 'தி புக்ஸ் இஸ்' என்று வாயில் வந்துவிடுகிறது. 'தி புக்ஸ் ஆர்' என்பதே சரி.

ஏமாற்றும் எழுவாய்கள்

1. 'தி பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ் இஸ் ஹெவி': கனமாக இருப்பது பெட்டி. வினைக்குப் பக்கத்தில் நிற்கும் மாம்பழங்களைப் பார்த்து 'ஆர்' போடக் கூடாது.

2. ஈச், எவ்ரிஒன், எவ்ரிபடி: பொருள் பலரைக் குறித்தாலும் வினை ஒருமை. 'எவ்ரிஒன் இஸ் ஹியர்'.

3. நியூஸ், மேத்தமேடிக்ஸ்: கடைசியில் 'எஸ்' இருந்தாலும் ஒருமை. பீப்பிள், போலீஸ்: 'எஸ்' இல்லாவிட்டாலும் பன்மை.

4. இன்ஃபர்மேஷன், லக்கேஜ், அட்வைஸ்: எண்ண முடியாதவை, எப்போதும் ஒருமை.

5. 'தி நம்பர் ஆஃப்' வந்தால் ஒருமை. 'எ நம்பர் ஆஃப்' வந்தால் பன்மை.

6. 'ஈதர்-ஆர்', 'நெய்தர்-நார்' வந்தால் வினைக்கு அருகில் உள்ள எழுவாயைப் பார்க்க வேண்டும். 'நெய்தர் தி டீச்சர் நார் தி ஸ்டூடன்ட்ஸ் ஆர் ஹியர்'.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சி

விதிகளை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட நாவைப் பழக்குவது நல்லது. உம்மா காலை முதல் இரவு வரை செய்யும் வேலைகளை ஐந்து ஆங்கில வாக்கியங்களில் பிள்ளையைச் சொல்லச் சொல்வோம். பிறகு அதே ஐந்தையும் 'ஐ' என்று தொடங்கி மாற்றிச் சொல்லட்டும், அடுத்து 'தே'. தினம் பத்து நிமிடம் போதும். தவறு செய்தால் சிரிக்காமல், சரியான வாக்கியத்தை நாமும் ஒருமுறை சொல்வோம். நமக்கே தெரியாவிட்டால் பிள்ளையோடு சேர்ந்து கற்றுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.